ஊக்கமும் வற்புறுத்தலும்: 'ச்சுவென்' என்னும் சீன வினைச்சொல்லின் வரலாறு

சீன மொழியில் அன்றாடம் வழங்கும் வினைச்சொற்களுள் 'ச்சுவென்' என்பதும் ஒன்றாகும். மாண்டரின் மொழியில் நான்காம் தொனியில் ஒலிக்கும் இச்சொல், கன்டனீஸில் 'ஹ்யூன்' என்பதை ஒத்தும் ஹொக்கியனில் 'கெங்' என்பதை ஒத்தும் ஒலிக்கின்றது. புகைப்பதை விட்டுவிடும்படி தந்தையிடம் மகள் எடுத்துச் சொல்வதும், சண்டையிட்டுக் கொள்ளும் இருவரை இடையில் புகுந்து விலக்குவதும், துயருற்றவரைத் தேற்றுவதும், விருந்தில் இன்னுமொரு கிண்ணம் அருந்தும்படி உபசரிப்பதும் ஆகிய அனைத்தும் இந்த ஒரே வினையில் அடங்கும். தமிழில் அறிவுறுத்து, ஊக்கு, தேற்று, வேண்டு, வற்புறுத்து எனப் பல சொற்களை இடத்திற்கேற்ப மாற்றி மாற்றி வைத்தால்தான் இதன் பொருட்பரப்பைத் தொட முடியும். இவற்றுள் ஊக்குதலுக்கும் வற்புறுத்தலுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. அத்தொலைவைச் சீன வரலாற்றில் இச்சொல் எவ்வாறு கடந்து சென்றது என்பதையே நாம் இங்குக் காண முற்படுகிறோம்.

முதலில் இச்சொல்லின் இலக்கண இயல்பு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 'ச்சுவென்' என்று மட்டும் சொன்னால் அறிவுரை கூறப்பட்டது என்பதுதான் பொருள். கேட்டவர் இணங்கினாரா என்பது அதில் இல்லை. இணங்கவைத்துவிட்டதைச் சொல்ல வேண்டுமாயின் 'ஷுவோஃபூ' போன்ற வேறு சொல்லைக் கையாள வேண்டும். அல்லது பயன் விளைந்ததைக் காட்டும் துணைச்சொல்லை இதனோடு சேர்க்க வேண்டும். ஆகவே, மறுப்பதற்கான உரிமை கேட்பவரிடம் இருக்கின்றது என்பதை இச்சொல்லே ஒப்புக்கொள்கின்றது எனலாம். அவ்வுரிமை எந்தெந்தக் காலத்தில், எவரெவரிடம் உண்மையாகவே இருந்தது என்பது வேறு கேள்வி.

சொல்லின் தோற்றம்

கி.பி. 100ஆம் ஆண்டளவில் ஷூ ஷென் தொகுத்த 'ஷுவோவென் ஜியேசி' என்னும் சொற்பிறப்பு அகராதி, இவ்வெழுத்தை இரு கூறுகளாகப் பிரித்துக் காட்டுகின்றது. இடப்பக்கம் இருப்பது நீர்ப்பறவை ஒன்றைக் குறிக்கும் உரு. அது ஒலியை மட்டும் தருவது. வலப்பக்கம் இருப்பது 'வலிமை' எனப் பொருள்படும் உரு. பொருளைத் தருவது அதுவே. ஷூ ஷென் இதற்குத் தரும் விளக்கம் முயற்சி, ஊக்கம் என்பனவற்றைச் சார்ந்தது. நாவினால் செய்யும் செயலைக் குறிக்கும் சொல் பேச்சைக் குறிக்கும் உருவைப் பெறாமல், உடலுழைப்பைக் குறிக்கும் உருவைப் பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. அரசனை இடித்துரைத்தலைக் குறிக்கும் 'ஜியென்' என்னும் எழுத்திலோ பேச்சைக் குறிக்கும் உரு உண்டு. (1956ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில் நீர்ப்பறவை பறந்துவிட்டது. அதனிடத்தில் இரண்டே கோடுகளாலான எளிய குறி அமர்ந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் எளிய எழுத்துகளை ஏற்றுக்கொண்டன. எனினும் நம் நாட்டுச் சீனக் கோயில்களின் பழைய பலகைகளில் மரபெழுத்தை இன்றும் காணலாம்.)

பழைய நூல்களில் இச்சொல் பெரும்பாலும் 'தானே முனைந்து முயலுதல்' என்ற பொருளில் வருகின்றது. 'லுன் யூ' எனப்படும் கன்பூசியஸின் உரையாடல் தொகுப்பில், லூ நாட்டு அமைச்சராகிய ஜி காங்சி, மக்களைப் பணிவும் பற்றும் ஊக்கமும் உடையவர்களாக ஆக்குவது எங்ஙனம் என வினவுகிறார். அங்கு ஊக்கத்தைக் குறிக்க இச்சொல்லே வந்துள்ளது. நல்லவர்களை உயர்த்தி, திறமையற்றவர்களுக்குக் கற்பித்தால் ஊக்கம் தானாக வரும் என்ற கருத்தில் விடை அமைகின்றது. அமைச்சர் மக்களை என்ன செய்வது என்று கேட்கிறார். ஆசிரியரோ ஆள்வோர் தாம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறார். இக்கோணத்தில் 'ச்சுவென்' என்பது ஒருவர் பிறருக்குச் செய்வதன்று. நல்லாட்சி நிலவும் இடத்தில் மக்களிடம் தோன்றுவது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹான் ஃபெய் இதே சொல்லை முற்றிலும் வேறு வகையில் பயன்படுத்தினார். பரிசு மக்களை முன்னே தள்ளும், தண்டனை அவர்களைத் தடுத்து நிறுத்தும் என்பது சட்டவாதிகளின் கொள்கை. முன்னே தள்ளும் அச்செயலுக்கு அவர்கள் வழங்கிய சொல் 'ச்சுவென்'. இங்கு நல்லுரைக்கே இடமில்லை. பரிசு ஒன்றே போதும். ஹான் ஃபெய்யின் ஆசிரியராகக் கருதப்படும் ஷுன்சியோ தமது நூலின் முதல் அத்தியாயத்திற்கே 'ச்சுவென் ஷுவே', அதாவது 'கல்விக்கு ஊக்குதல்', எனப் பெயரிட்டவர். ஆசிரியரிடம் கல்விக்கு ஊக்கிய சொல் மாணவரிடம் ஆட்சிக் கருவியாயிற்று.

இச்சொல் தீமைக்கும் ஊக்கக்கூடும் என்பதை ஹான் காலத்தவர் அறிந்திருந்தனர். கி.மு. 117இல் மறைந்த சிமா ஷியாங்ரு, பேரரசர் ஊவின் அவையில் புகழ்பெற்ற கவிஞர். அரச வேட்டைக்காடுகளின் ஆடம்பரத்தை நெடுக வருணித்துவிட்டு, இறுதியில் சிக்கனத்தை வலியுறுத்துவது அவருடைய செய்யுள்களின் போக்கு. பின்வந்த யாங் ஷியோங் இதனைக் குறைகூறினார். அச்செய்யுள்கள் ஆடம்பரத்தின்பால் நூறு பங்கு தூண்டிவிட்டு ஒரு பங்கே கண்டிக்கின்றன என்பது அவர் கருத்து. தூண்டுதலுக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் இதுவே. அக்கருத்து நான்கெழுத்துத் தொடராகச் சுருங்கி இன்றும் வழங்குகின்றது. நம் காலத்து அறநெறித் திரைப்படங்கள் பலவற்றிற்கும் இக்கூற்று பொருந்தும்.

உழவும் நெற்களஞ்சியமும்

இச்சொல் ஓர் அரசு அலுவலாகவே மாறியது உழவுத் துறையில்தான். 'ச்சுவென் நோங்' என்பது உழவுக்கு ஊக்குதல். ஹான் பேரரசர் வென் கி.மு. 178இல் தாமே ஏர் பிடிக்கும் சடங்கை நடத்த ஆணையிட்டது முதல், உழவை ஊக்குவது ஆள்வோரின் கடமை என்ற எண்ணம் வேரூன்றியது. சோங் காலத்தில் அது மாவட்ட ஆட்சியாளரின் பதவிப் பெயரிலேயே இடம்பெற்றது. 1006ஆம் ஆண்டு முதல் மண்டல, மாவட்ட அதிகாரிகளுக்கு உழவை ஊக்கும் பொறுப்பும் பட்டத்தோடு சேர்த்து அளிக்கப்பட்டது. ஆண்டுதோறும் இரண்டாம் மாதத்தில் ஆட்சியாளர் நகருக்கு வெளியே சென்று, ஊர்ப் பெரியவர்களுக்கு மது வழங்கி, உழவை ஊக்கும் அறிக்கையை வாசிப்பது வழக்கமாயிற்று.

நவகன்பூசியத்தின் தலைமகனாகிய ஜூ ஷி, 1179இல் நான்காங்கிலும் 1190இல் ஜாங்ஜோவிலும் ஆட்சியாளராகப் பொறுப்பேற்றபோது இத்தகைய அறிக்கைகளை எழுதினார். ஆழ உழுதல், காலத்தே நடுதல், எருவிடுதல், நீர்நிலைகளைச் செப்பனிடுதல் எனத் தேர்ந்த உழவர் ஒருவர் பேசுவது போலவே அவை அமைந்துள்ளன. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் புலம்பெயர்ந்த ஹொக்கியன் மக்களில் பெரும்பகுதியினரின் பூர்வீக வட்டாரங்களுள் ஜாங்ஜோவும் ஒன்று என்பதனால் அவ்வூர் நமக்கும் அயலன்று. அவ்வூர் மக்களுக்கு ஜூ ஷி வெளியிட்ட மற்றோர் அறிக்கையின் பெயரிலும் இதே சொல் உண்டு. குடும்ப ஒழுக்கம், அண்டை வீட்டாருடன் இணக்கம், இறந்தோரைக் காலந்தாழ்த்தாமல் அடக்கம் செய்தல் முதலியன அதில் வலியுறுத்தப்படுகின்றன. அறிவுரை என்ற பெயரோடு வெளிவந்த அது, கேளாதவர்மீது சட்டம் பாயும் என்ற எச்சரிக்கையையும் சுமந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத உழவர், மது அருந்திவிட்டு அரசு அதிகாரியின் அறிவுரையைக் கேட்டு நின்ற அக்காட்சியில், மறுப்பதற்கான உரிமை எத்துணை அளவு இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

யுவான் ஆட்சியில் இவ்வமைப்பு மேலும் இறுகியது. குப்ளாய் கான் 1261இல் உழவை ஊக்குவதற்கென்றே தனி அலுவலகத்தை நிறுவினார். 1270இல் ஐம்பது குடும்பங்களுக்கு ஓர் ஊர்க்குழு என வகுத்து, அதன் தலைவருக்கு உழவை ஊக்கும் பொறுப்பைக் கொடுத்தார். மேய்ச்சல் வாழ்வினராகிய மங்கோலியர் உழவைக் காப்பதில் காட்டிய அக்கறை வியப்பளிக்கலாம். நெடும்போரால் பாழ்பட்ட வடசீனத்தில் வரி விளைய வேண்டுமாயின் முதலில் பயிர் விளைய வேண்டியிருந்தது.

உழவைவிடக் கூர்மையான சோதனை பஞ்சத்தின்போது எழுந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில், களஞ்சியத்தில் தானியம் வைத்திருக்கும் செல்வரை அதனைப் பகிரும்படி வேண்டுவதற்கு 'ச்சுவென்ஃபென்' என்று பெயர். பகிர்தல் என்பது பெரும்பாலும் இலவசமாகக் கொடுப்பதன்று. நியாய விலையில் விற்பது அல்லது கடனாகத் தருவது. தென் சோங் காலத்தில் பஞ்ச நிவாரணத்தைப் பற்றி நூல் எழுதிய தோங் வெய் இம்முறையைத் தனியே விவாதித்துள்ளார். அரசு மிகையாக நெருக்கினால் செல்வர் தானியத்தை மறைத்துவிடுவர். நெருக்காவிட்டால் ஏழைகள் மடிவர். இணங்கியவர்களுக்கு அரசு பதவிப் பட்டங்களை வழங்கியது. இணங்காதவர்களை அதிகாரிகள் சும்மா விட்டுவிடவில்லை. 1271இல் ஃபூஜோ மாவட்டத்திற்கு அனுப்பப்பட்ட ஹுவாங் ஜென், தானியத்தை அடைத்து வைத்திருந்த பெருங்குடும்பங்களை அறிவிப்புகளாலும் மிரட்டலாலும் அசைத்தார். அவர் தொடுத்த நடவடிக்கைக்கும் பெயர் 'ச்சுவென்'தான். இந்த வற்புறுத்தலை நாம் குறைகூற இயலவில்லை. ஜாங்ஜோ உழவரிடம் மறுக்கும் உரிமை பறிக்கப்பட்டதற்கும், களஞ்சியத்துக்கு உரியவரிடம் அது பறிக்கப்பட்டதற்கும் ஒரே அளவுகோலை வைத்தல் தகாது.

அரியணைக்கு வேண்டுதல்

அதிகாரம் மிக்கவரை நோக்கியும் இச்சொல் பாய்ந்தது. 'ச்சுவென் ஜின்' என்பது அரியணை ஏறும்படி ஒருவரை வேண்டுவது. வேண்டப்படுபவர் மறுக்க வேண்டும். மீண்டும் வேண்ட வேண்டும். இறுதியில் மக்களின் பொருட்டு ஏற்க வேண்டும். கி.பி. 220இல் ஹான் மரபின் கடைசி அரசரை அகற்றி ஆட்சியைக் கைப்பற்றிய சாவ் பீ இந்நாடகத்தைச் செம்மையாக நடத்தினார். கடைசியாக நடத்தியவர் யுவான் ஷிகாய். 1915 திசம்பரில், அவருடைய ஆட்களால் கூட்டப்பட்ட பேராளர் மன்றத்தில் முடியாட்சிக்கு ஆதரவாக 1993 வாக்குகள் விழுந்தன. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. வேண்டுகோள் மடலை ஒருமுறை மறுத்தவர் மறுநாளே ஏற்றுக்கொண்டார். 1916 மார்ச்சில் முடியாட்சியைக் கைவிட்டு, சூன் மாதம் மாண்டும் போனார். இங்கு மறுப்பு என்பது ஒப்பனை; வேண்டுகோளும் ஒப்பனை.

மலாக்காவும் ஒரு சிறு நூலும்

இச்சொல்லின் வரலாற்றில் மலாக்காவுக்கு உள்ள இடம் பலரும் அறியாதது. மிங், சிங் காலங்களில் 'ச்சுவென் ஷான்', அதாவது நன்மைக்கு ஊக்குதல், என்ற வகையைச் சார்ந்த அறநூல்கள் பெருவாரியாக அச்சிடப்பட்டன. மிங் பேரரசர் யோங்லேயின் துணைவியார் தொகுத்த நூல் ஒன்றும் இதே பெயரைத் தாங்கியது. இத்தகைய நூல்களை அச்சிட்டு இலவசமாக வழங்குவது புண்ணியம் என்ற நம்பிக்கை இருந்தது. நம் நாட்டுச் சீனக் கோயில்களில் விலையின்றி எடுத்துச் செல்ல வைக்கப்பட்டிருக்கும் சிறு நூல்கள் அம்மரபின் தொடர்ச்சியேயாகும்.

கிறித்துவ மறைபரப்பாளர் இம்மரபின் வலிமையை விரைவில் உணர்ந்தனர். சீன மண்ணில் அவர்களுக்குத் தடை இருந்தமையால், லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மில்ன் 1815இல் மலாக்காவில் தளம் அமைத்தார். அவருடன் வந்த அச்சு எழுத்துச் செதுக்குநர் லியாங் ஃபா. குவாங்தோங் மாநிலத்தில் 1789இல் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1815 முதல் 1821 வரை மலாக்காவில் வெளிவந்த சீன மாத இதழின் அச்சுப்பணியில் அவர் ஈடுபட்டார். 1816இல் மலாக்காவிலேயே திருமுழுக்குப் பெற்றார். மில்ன், சிங் பேரரசு மக்களுக்குத் திங்கள் இருமுறை வாசித்துக் காட்டச் செய்த அறிவுரைத் தொகுப்பாகிய 'புனித ஆணை'யை ஆங்கிலத்தில் பெயர்த்து 1817இல் வெளியிட்டவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. சீன அரசு தன் மக்களுக்கு எவ்வாறு புத்தி சொல்கிறது என்பதை அவர் நன்கு கற்றிருந்தார்.

லியாங் ஃபா 1832இல் கான்டன் நகரில் ஒன்பது பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் பெயர் 'ச்சுவென்ஷி லியாங்யென்'. 'உலகோரை ஊக்கும் நன்மொழிகள்' எனத் தமிழில் கூறலாம். மாரிசனும் மில்னும் பெயர்த்த விவிலியத்தின் பகுதிகளும் லியாங் ஃபாவின் சொந்த விளக்கங்களும் அதில் கலந்துள்ளன. பெயரை மட்டும் கண்ட ஒருவர் அதனை வழக்கமான அறநூல் என்றே எண்ணியிருப்பார். அந்நூல் அரசுத் தேர்வு எழுத வந்த மாணவர்களிடம் தெருவில் வழங்கப்பட்டது. 1830களின் நடுவில் அதனைப் பெற்றவர்களுள் ஒருவர் ஹாக்கா இளைஞரான ஹொங் சியூச்சுவென். அவர் அதனை வீட்டில் போட்டு வைத்தார். 1837இல் தேர்வில் தோற்று, நோயுற்று, விசித்திரமான காட்சிகளைக் கண்டார். 1843இல் மீண்டும் தோற்ற பின்னர் அந்நூலை முழுமையாகப் படித்தபோது, தாம் கண்ட காட்சிகளின் பொருள் அதில் இருப்பதாக நம்பினார். தம்மை இயேசுவின் தம்பி என அறிவித்தார்.

பின்னர் நடந்தது உலகறிந்தது. 1851இல் தைப்பிங் விண்ணரசு அறிவிக்கப்பட்டது. 1853இல் நான்ஜிங் அதன் தலைநகராயிற்று. 1864இல் அது வீழ்ந்தது. போரிலும் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. (பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகரின் பெயரும் அதே எழுத்துகளால் ஆனதே. ஆயினும் அது லாருட் போர்களுக்குப் பின் அமைதியை விழைந்து இடப்பட்ட பெயர், இயக்கத்தோடு தொடர்புடையதன்று.)

ஒரு நூல் இத்துணை அழிவையும் விளைவித்தது எனக் கூறுவது வரலாறாகாது. குவாங்ஷி மாநிலத்து வறுமை, ஹாக்கா மக்களுக்கும் பிறருக்கும் இடையிலான நிலப்பூசல், அபினிப் போருக்குப் பின் சிங் அரசுக்கு நேர்ந்த தளர்ச்சி ஆகியவை இல்லாவிடின், ஹொங் தோல்வியுற்ற தேர்வாளராகவே மறைந்திருப்பார். ஆயினும் சொற்கள் மாறிய விதம் கருதத்தக்கது. லியாங் ஃபாவின் நூல் ஊக்கி அறிவுறுத்தியது. ஹொங் 1840களில் எழுதிய சிற்றுரைகளும் அவ்வாறே உலகை விழிக்கச் செய்யவும் மீட்கவும் முயன்ற அறிவுரைகள்தாம். அவையே 1852இல் அச்சேறியபோது பெற்ற தலைப்பு 'தைப்பிங் ஆணைகள்' என்பது. படையும் அரியணையும் கிடைத்த பின் அறிவுரை ஆணையாயிற்று. கேளாதவருக்குத் தண்டனை வகுக்கப்பட்டது. லியாங் ஃபா 1855இல், அப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மறைந்தார்.

தென்கடல் நாடுகளில்

புலம்பெயர்ந்தோரின் வாழ்வில் இச்சொல் இருவகையாக ஒலித்தது. 'அயல்நாடு செல்லும் பாட்டு' என்ற பெயரில் தென் ஃபூஜியென் மக்களிடையே வழங்கிய ஹொக்கியன் கதைப்பாடல்கள், வறுமையால் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து அல்லலுற்றுத் திரும்பியவரின் கதையைக் கூறுபவை. ஊரிலேயே எப்படியாவது பிழைக்க முடியுமானால் கடல் கடக்க வேண்டா என்ற அறிவுரையோடு அவை முடிகின்றன. அவ்வறிவுரையைத் தொடங்கிவைக்கும் வினை 'ச்சுவென்' என்பதன் ஹொக்கியன் வடிவமே. பட்டுணர்ந்தவர் சொன்னது அது. அதற்குப் பின்னால் அதிகாரமோ தண்டனையோ இல்லை. கேட்டவர்கள் பாடலை இரசித்துவிட்டுக் கப்பலேறினார்கள்.

சிங் அரசு இவர்களை நாடி வந்தபோது எடுத்த குரல் வேறு. 1877இல் சிங்கப்பூரில் சீனத் துணைத் தூதரகம் அமைந்தது; ஹூ ஆ கே முதல் தூதரானார். வடசீனப் பஞ்சம் தொடங்கி, நிதிக்கு ஊக்குதல் என்ற பெயரில் வணிகர்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. கொடுத்தவர்களுக்குப் பட்டங்கள் கிடைத்தன. சோங் காலத்துப் பஞ்ச நிவாரண முறையே கடல் தாண்டி வந்தது எனலாம். ஆனால் இங்கு ஹுவாங் ஜென்னின் மிரட்டல் செல்லாது. பட்டத்தின் ஆசை மட்டுமே செல்லும். 1910இல் நான்ஜிங்கில் நடைபெற்ற தொழிற் பொருட்காட்சியின் பெயரிலும் ஊக்குதல் என்னும் இச்சொல் இருந்தது. தென்கடல் நாட்டுச் சீன வணிகர்களும் அதில் பங்கேற்றனர். மறு ஆண்டே புரட்சி வெடித்தது.

கல்வித் துறையில் ஷுன்சியின் தலைப்பு நெடுநாள் வாழ்ந்தது. 1872 முதல் ஃபுகுசாவா யுகிச்சி ஜப்பானில் வெளியிட்ட நூலின் தலைப்பும் 'கல்விக்கு ஊக்குதல்' என்றே பொருள்படும். 1898இல் ஜாங் ஜிதோங் அதே தலைப்பில் எழுதிய நூல், சீனக் கல்வியை அடிப்படையாகவும் மேலைக் கல்வியைப் பயனுக்காகவும் கொள்ளச் சொன்னது. பேரரசரின் ஆணையால் அது நாடெங்கும் பரப்பப்பட்டது.

குடும்பத்தில் இச்சொல் பெற்ற வலிமை இவை எல்லாவற்றையும் விடக் கூடுதலானது. கணவன் மனைவி பூசலில் சேர்ந்து வாழவே ஊக்க வேண்டும், பிரிவதற்கு ஊக்கலாகாது என்ற வழக்கு சீனர்களிடையே எங்கும் உண்டு. 1950ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் பெண்களுக்கு மணவிலக்கு உரிமையை வழங்கியது. அதே வேளையில், ஒருவர் மட்டும் கோரும் மணவிலக்கிற்கு முன் சமரச முயற்சி நடைபெற வேண்டும் என்றும் விதித்தது. உறவினர், அண்டை வீட்டார், அதிகாரி என ஒவ்வொருவராக வந்து எடுத்துச் சொல்லும்போது, அடிபட்ட மனைவியிடம் எஞ்சியிருந்த மறுப்புரிமை ஜாங்ஜோ உழவரிடம் இருந்ததைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என நமக்குத் தோன்றவில்லை.

பள்ளி, பல்கலைக்கழக நிருவாகத்தில் இன்று வழங்கும் 'ச்சுவென்துய்' என்ற சொல்லின் நேர்ப்பொருள், விலகும்படி அறிவுறுத்துதல். நடைமுறையில் அது நீக்கமே. மாணவரே விலகிக்கொண்டதாக ஏட்டில் பதியப்படும். சீன இளைஞர்கள் அண்மைக் காலத்தில் இதனை வேடிக்கையாகவும் ஆளத் தொடங்கியுள்ளனர். வேலைவாய்ப்புக் குறைந்த படிப்புகளை, சேர நினைப்பவரைப் பின்வாங்கச் செய்யும் துறைகள் என்ற பொருளில் 'ச்சுவென்துய் ஷுவே' என்கின்றனர். ஷுன்சி தம் முதல் அத்தியாயத்திற்கு இட்ட தலைப்பின் நடுவே 'பின்வாங்கு' என்னும் ஓரெழுத்து மட்டும் நுழைந்திருக்கின்றது.